சத்தம் வேண்டுமாம்

அந்தக் கம்பெனியில் அவளுக்கு ‘ஏன் மேடம்’ என்று பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். அவள் மீட்டிங் அறைக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால் ஒருவர் முணுமுணுப்பார், மற்றவர்கள் உதட்டைக் கடித்துக்கொள்வார்கள். எதைக் காட்டினாலும் ஏன் என்று கேட்பாள் என்பதுதான் அவள் மேல் இருந்த ஒரே புகார்.

நடக்க முடியாதவர்கள் குளிக்கவும் கழிவறைக்குப் போய்வரவும் பயன்படுத்துகிற சக்கர நாற்காலிகள் செய்கிற கம்பெனி அது. இருக்கைக்கு நடுவில் ஓட்டை, அடியில் இழுத்து எடுக்கிற பாத்திரம், காலுக்கு ஒரு பலகை, நான்கு சக்கரம். புதிய மாடலின் வடிவமைப்புப் பொறுப்பு அவளுக்கு வந்தது. படம் போடுவதற்கு முன்னால், அதில் உட்காரப்போகிறவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்றாள்.

“ஃபோன்ல கேட்டாப் போதாதா?” என்றார் விற்பனை மேலாளர். “ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் மார்க் போடச் சொல்லுவோம். கணக்கு சுத்தமா இருக்கும்.”

“எல்லாரும் அஞ்சு போடுவாங்க சார். முகம் தெரியாதவங்ககிட்ட ஃபோன்ல குறை சொல்வாங்களா?”

முதலாளி ஒருவழியாக அனுமதி கொடுத்தார். அவள் வீடு வீடாகப் போனாள். என்ன வேண்டும் என்று கேட்பதில்லை. அப்படிக் கேட்டால் ‘எல்லாம் நல்லாத்தான் இருக்கு’ என்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். “இன்னைக்குக் காலைல எந்திரிச்சதுலேர்ந்து என்ன நடந்துச்சு, சொல்லுங்க” என்று ஆரம்பிப்பாள். பிறகு வாயை மூடிக்கொள்வாள். மௌனம் நீண்டால் மனிதர்கள் உண்மையைப் பேசிவிடுவார்கள்.

அப்படித்தான் ஒரு வீட்டில் முன்னாள் பஸ் டிரைவர் ஒருவர் பேசினார்.

வேலையில் இருந்தபோது முதுகுத்தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி குறைந்துபோன மனிதர். கதவை அடைக்கிற தோள்கள். மகன் வேலைக்குப் போய்விடுவான். மருமகள் ஹாலில் தையல் மெஷின் போட்டுத் துணி தைத்துக்கொடுப்பாள். மருமகள் பக்கத்தில் இருந்த வரைக்கும் டிரைவர் எதற்கும் ‘ம்’ என்பதைத் தவிர வேறு பதில் சொல்லவில்லை. அவள் டீ போட எழுந்துபோனதும் குரலைத் தாழ்த்தினார்.

“ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது.”

“சிரிக்க மாட்டேன் ஐயா.”

“இந்த வண்டி ஊரைக் கூட்டுதும்மா.”

பிரேக்கைப் போட்டுக் காட்டினார். ‘டக்’கென்று சுவரில் பட்டுத் திரும்பியது. கால் பலகையை இறக்கினார், இரும்புத் தட்டு விழுந்த மாதிரி கேட்டது. குளியலறை வாசலில் இருக்கும் சின்ன மேட்டில் சக்கரம் ஏறும்போது கடகடவென்று ஒரு சத்தம், பாத்திரத்தை இழுத்தால் பல்லைக் கூசவைக்கிற ஒரு சத்தம்.

“நான் கிளம்பினது, போய்ச் சேர்ந்தது, வேலை முடிஞ்சது, எல்லாம் ஹாலுக்கு அறிவிப்பு. பஸ் ஸ்டாண்டுல மைக் வெச்சுச் சொல்வாங்களே, அந்த மாதிரி. துணி தைக்கக் கொடுக்க யாரு யாரோ வர்றாங்க. பொம்பளைங்க உக்காந்திருப்பாங்க. அதனால மருமக மெஷினை ஓட்டுறப்பத்தான் போவேன். அந்தச் சத்தத்துல இது அமுங்கிடும். அவ மெஷினை நிறுத்திட்டா அடக்கிக்குவேன். தண்ணி குடிக்கிறதையே குறைச்சுட்டேன், போ.”

மேசை மேல் ஒரு மாத்திரை அட்டை கிடந்தது. சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுப்பது. வீட்டில் யாருக்கும் அந்தத் தொற்று ஏன் வருகிறது என்று தெரியவில்லை.

அவள் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு போன வீடுகளில் சத்தத்தைப் பற்றித் தானே பேச்செடுத்தாள். பூட்டைத் திறந்துவிட்ட மாதிரி ஆளாளுக்குக் கொட்டினார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் குழாயை முழுதாகத் திறந்துவிட்டுவிட்டுத்தான் பிரேக் போடுவாராம். தண்ணீர் வீணாகிறது என்று மகள் திட்டுவாளாம். திட்டு வாங்கினாலும் பரவாயில்லை, அந்தச் சத்தம் கேட்டுவிடக் கூடாதாம்.

பொறியாளரின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. மனிதர் சொன்ன ஒரு வாக்கியத்தை இரும்புக்கும் ரப்பருக்கும் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும். ‘நான் போவதும் வருவதும் அடுத்த அறையில் இருப்பவருக்குத் தெரியக் கூடாது’ என்று முதல் வரி எழுதினாள். அதற்கு எதிரே, பல் வைத்த இரும்பு பிரேக்குக்குப் பதில் ரப்பர் கட்டை. கால் பலகை மெதுவாக இறங்க ஒரு சின்ன அதிர்வுத்தாங்கி. பாத்திரம் ஓட நைலான் தடம். மேட்டில் தடுக்காமல் ஏறப் பெரிய சக்கரம். ஒவ்வொன்றுக்கும் அடுத்த அறையில் மீட்டர் வைத்து அளந்தால் இத்தனை டெசிபலைத் தாண்டக் கூடாது என்று ஓர் எல்லை.

அந்த நேரத்தில் அவள் மகளுக்கு டைபாய்டு வந்தது. எழுதியதையெல்லாம் விற்பனைப் பிரிவுக்கு அனுப்பிவிட்டு லீவு போட்டாள். வாடிக்கையாளர் தேவைகளைத் தொகுத்து அட்டவணை ஆக்குவது அவர்கள் வேலை. மகள் எழுந்து உட்கார்ந்து, பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று சண்டை போடுகிற அளவுக்குத் தேறியதும் ஆபீஸுக்குத் திரும்பினாள்.

மீட்டிங் அறையில், அவள் இல்லாதபோது வேறொருவர் வரைந்து முடித்த புது நாற்காலி நின்றது. வெளிர் நீல நிறம், வளைந்த கைப்பிடி, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. குனிந்து பிரேக்கை அழுத்தினாள்.

“பிரேக் போடப்பட்டுள்ளது. நன்றி,” என்றது நாற்காலி.

கணீரென்ற பெண் குரல். அவள் கையை எடுத்துக்கொண்டாள். பிறகு கால் பலகையைத் தொட்டாள். “கால் பலகை இறக்கப்பட்டுள்ளது.” இருக்கையை உள்ளங்கையால் அழுத்தினாள். ஒரு சின்ன இசை வந்தது. “இருக்கை தயார். உங்கள் நேரம் இனிதாகட்டும்.”

“எப்படி மேடம்?” என்றார் விற்பனை மேலாளர். புது வீட்டைச் சுற்றிக் காட்டுகிறவர் முகம். “சந்தையில வேற யார்கிட்டயும் இல்ல. உங்க சர்வேலதான் வந்துச்சு. எல்லா வீட்லயும் சத்தத்தைப் பத்திப் பேசியிருக்காங்க.”

அட்டவணையைத் திரையில் போட்டுக் காட்டினார். இடப்பக்கம் வாடிக்கையாளர் தேவைகள். முதல் தேவைக்கு நேராக ஒரே ஒரு சொல் இருந்தது: சத்தம். முக்கியத்துவம், ஐந்துக்கு ஐந்து. கூட வேண்டுமா குறைய வேண்டுமா என்று காட்ட ஒவ்வொரு வரிக்கும் ஓர் அம்புக்குறி உண்டு. அந்த அம்பு மேல் நோக்கி நிமிர்ந்து நின்றது.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். காதுமடல் சூடேறுவது அவளுக்கே தெரிந்தது.

“சத்தம் வேணாம்னு சொன்னாங்க சார்.”

“அப்படியா?” அவர் கொஞ்சம் யோசித்தார். “வேணும், வேணாங்கிறது டீட்டெயில் மேடம். முக்கியம்னு வந்துச்சில்ல?”

“நான் முழு வாக்கியம் எழுதி அனுப்பினேன்.”

“அவ்வளவு நீளத்தை அட்டவணையில எங்க போடுறது? எந்தச் சொல் அதிகமா வருதோ அதை எடுத்தோம். வேணாங்கிறவங்க ஆஃப் பண்ணிக்கட்டும். சுவிட்ச் இருக்கே.”

“எங்க இருக்கு?”

“முதுகுப் பக்கம். தெரியாம கை பட்டு ஆஃப் ஆகிடக் கூடாதுல்ல. ஆஃப் பண்ணாலும் அடுத்த தடவை உக்கார்றப்ப தானா ஆன் ஆகிடும்.”

உட்கார்ந்திருப்பவருக்குக் கை எட்டாத இடம். உற்பத்திக்கு அச்சு வெட்டியாகிவிட்டது, விளம்பரத் தாள் அடித்தாகிவிட்டது, பெரிய மருத்துவமனை ஒன்று வாங்குவதாகச் சொல்லிவிட்டது என்று மேலாளர் அடுக்கிக்கொண்டே போனார். கடைசியாக, அவள் பேட்டி எடுத்த வீடுகளுக்கெல்லாம் சோதனைக்காக ஒரு நாற்காலி அனுப்பியிருக்கிறோம், பழையதை எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம் என்றார்.

அதைக் கேட்டதும் அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

டிரைவர் வீட்டு ஹாலில் தையல் மெஷின் சும்மா இருந்தது. நீல நாற்காலி சுவரோரம் துணி போர்த்தி நின்றது. மருமகள் வாசலிலேயே விஷயத்தைச் சொன்னாள். நாற்காலி வந்த அன்றைக்கே அளவு கொடுக்க இரண்டு பெண்கள் வந்து உட்கார்ந்திருந்தார்களாம். உள்ளேயிருந்து ‘உங்கள் நேரம் இனிதாகட்டும்’ என்று குரல் வந்ததும் ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாளாம். அதற்குப் பிறகு மாமா அதில் உட்காரவே இல்லை. காலையில் மகன் தூக்கிக்கொண்டு போய்விட்டு வருகிறான், அப்புறம் அவன் வேலையிலிருந்து வந்த பிறகுதான்.

“நடுவுல?”

“நடுவுல ஒண்ணும் வேணாங்கிறார்க்கா. சாப்பாடும் பாதிதான்.”

டிரைவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவள் வந்து நின்றது தெரிந்தும் திரும்பவில்லை.

“உன்னை நம்பிச் சொன்னேன்,” என்றார். “பஸ் ஸ்டாண்டு மாதிரி இருக்குன்னு சொன்னேன். சரின்னு பஸ் ஸ்டாண்டையே செஞ்சு அனுப்பிட்டீங்க.”

அவள் நான் செய்யவில்லை என்று சொல்லியிருக்கலாம். லீவில் இருந்தேன், வேறொருவர் செய்தது என்று சொல்லியிருக்கலாம். எல்லாம் உண்மைதான். ஆனால் ஹாலுக்கு வந்து மருமகளிடம் கத்தரிக்கோல் கேட்டாள். நாற்காலியைத் திருப்பிப்போட்டு, அடியில் ஓடிய மெல்லிய சிவப்புக் கம்பியை நறுக்கென்று வெட்டினாள்.

“அய்யோ, ஏன்க்கா வெட்டுறீங்க?” என்றாள் மருமகள். “எனக்கு அது பிடிச்சுத்தான் இருந்துச்சு. வந்த அன்னைக்கே கம்பெனியிலேர்ந்து கேட்டாங்க, நான்தான் அஞ்சு மார்க் போட்டேன்.”

அவள் கோபத்தோடு நிமிர்ந்தாள். ஆனால் மருமகள் கண்ணில் தண்ணீர் நின்றது.

“போன வருஷம் பாத்ரூம்ல விழுந்துட்டாருக்கா. நான் மெஷின் ஓட்டிட்டு இருந்தேன், ஒண்ணுமே கேக்கலை. தைச்சு முடிச்சு எந்திரிச்சப்பதான் பாத்தேன். எவ்வளவு நேரம் தரையில கெடந்தாரோ. அதுலேர்ந்து மெஷின் ஓடுறப்ப ஒரு காது அங்கயேதான் இருக்கும். இது வந்ததும் அப்பாடான்னு இருந்துச்சு, எப்பப் போறாருன்னு தெரியுதேன்னு.”

ஏன் மேடம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மெஷின் ஓடும்போதுதான் அவர் போகிறார் என்பது மருமகளுக்குத் தெரியாது. அவர் நம்பிச் சொன்ன ரகசியம் அது, அவள் சொல்லப்போவதில்லை. ஒருவருக்குக் கேட்கக் கூடாது, இன்னொருவருக்குக் கேட்டே ஆக வேண்டும். இரண்டும் நியாயம். இந்த வீட்டுக்கு ஒழுங்காக ஒரு முறை வந்து உட்கார்ந்திருந்தால் எவருக்கும் புரிந்திருக்கும். ஐந்துக்கு ஐந்து என்று ஒரு எண்ணைப் பார்த்துவிட்டுக் கைதட்டியிருக்கிறார்கள்.

“ஒண்ணு கேக்கறேன்,” என்றாள். “அவர் போறது வர்றது எல்லாம் உனக்குத் தெரியணுமா? இல்ல, உதவி வேணுங்கிறப்ப அவர் கூப்பிட்டா உனக்குக் கேட்டாப் போதுமா?”

மருமகள் யோசித்தாள். “கூப்பிட்டாப் போதும்க்கா. ஆனா மெஷின் சத்தத்துல சின்ன மணியெல்லாம் எனக்குக் கேக்காதே.”

“அப்போ உன் மெஷின் மேல விளக்கு எரியட்டும்.”

அன்றைக்கே இரண்டாவது வரியை எழுதினாள்: ‘எனக்கு வேண்டும்போது மட்டும் என்னால் கூப்பிட முடிய வேண்டும், விழுந்து கிடந்தாலும் கைக்கு எட்ட வேண்டும்.’ எதிரே, மணிக்கட்டில் மாட்டுகிற பொத்தான், மெஷினில் ஒட்டவைக்கிற சின்ன விளக்கு.

மறுநாள் முதலாளி அறையில் அவள் இறுதிக் கையெழுத்துப் போட மறுத்தாள்.

“சோதனைக்குப் போன வீட்ல எல்லாரும் பிரமாதம்னு எழுதியிருக்காங்கம்மா,” என்றார் முதலாளி. கெட்ட மனிதர் அல்ல, அவசரத்தில் இருப்பவர்.

“எழுதினவங்க யாரும் அதுல உக்காரலை சார். மகன் எழுதியிருக்கார், மருமக எழுதியிருக்கா. உக்காந்தவங்க ஒருத்தர்கூட எழுதலை.”

“காசு கொடுத்து வாங்குறவங்கதானம்மா வாடிக்கையாளர்?”

“அப்போ உக்கார்றவங்க யாரு சார், சரக்கா?”

விற்பனை மேலாளர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டார். முதலாளியின் முகம் சுருங்கிவிட்டது. அந்த வாரமே உற்பத்தி மேலாளரிடம் கையெழுத்து வாங்கினார்கள். பேசும் நாற்காலி சந்தைக்குப் போனது. அவளை உதிரிபாகப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

“கோவத்தை வாசல்ல கழட்டி வெச்சுட்டு உள்ள வாயேன்,” என்றான் கணவன், அவள் பாத்திரங்களைப் போட்டு உருட்டுவதைக் கேட்டுவிட்டு.

“செருப்பா, கழட்டி வைக்க? உள்ளங்கால்லயே ஒட்டிட்டு வருது.”

உதிரிபாகப் பிரிவு கிடங்குக்குப் பின்னால் இருந்தது. பழுதென்று திரும்பி வருவதெல்லாம் அங்கேதான் வந்து விழும். மழைக்காலம் தொடங்கியபோது அந்தப் பெரிய மருத்துவமனையிலிருந்து சின்னச் சின்னப் பொட்டலங்கள் வர ஆரம்பித்தன. ‘குரல் வேலை செய்யவில்லை’ என்று சீட்டு. உள்ளே நாற்காலிக்கு அடியில் ஓடுகிற சிவப்புக் கம்பி, இரண்டு துண்டாக. அடுத்த வாரம் இன்னும் வந்தன. அதைப் பின்தொடர்ந்து விற்பனைப் பிரிவிலிருந்து ஒரு சுற்றறிக்கையும் வந்தது: வாடிக்கையாளரின் புதிய தேவை, கம்பி உறுதியாக இருக்க வேண்டும், இனிமேல் தடித்த கம்பி போட்டு, மேலே இரும்பு உறை மாட்டப்படும்.

அவள் ஒரு கம்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இன்னொன்றை எடுத்தாள். பிறகு எல்லாவற்றையும் ஒரு பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு, மாடிப்படி ஏறி, மீட்டிங் நடந்துகொண்டிருந்த அறைக் கதவைத் தட்டாமல் திறந்தாள். பையை மேசை மேல் கவிழ்த்தாள். டீக் கோப்பைகளுக்கு நடுவில் சிவப்புக் கம்பிகள் சிதறின.

“என்னம்மா இது?” என்றார் முதலாளி.

“தானா அறுந்த கம்பின்னா நுனி பிரிஞ்சு, நூல் நூலா நிக்கும். இதைப் பாருங்க. எல்லாம் வழவழன்னு இருக்கு. இது அறுந்தது இல்ல சார். அறுத்தது.”

விற்பனை மேலாளர் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “வேணும்னே சேதப்படுத்தியிருக்காங்க. அப்போ இரும்பு உறை கண்டிப்பா வேணும். பூட்டு வெச்ச மாதிரி.”

அதுவரை அடக்கிவைத்திருந்தது உடைந்தது. அவள் கத்தவில்லை. ஆனால் அறையில் இருந்தவர்கள் நாற்காலியில் பின்னுக்குச் சாய்ந்தார்கள்.

“வேணாம்னு வாயால சொன்னாங்க, வேணும்னு எழுதினீங்க. இப்பக் கத்தரிக்கோலால சொல்றாங்க, கம்பி சரியில்லைன்னு எழுதுறீங்க. இரும்பு உறை போடுங்க. நாளைக்கு நாற்காலியையே தூக்கி ஜன்னல் வழியா வீசுவாங்க. அப்ப என்ன எழுதுவீங்க, பறக்கிற வசதி கேக்கறாங்கன்னா? இதுல உக்கார்றவர் எந்திரிச்சு ஓட முடியாதவர் சார். அவருக்குன்னு மிச்சம் இருக்கிறது கொஞ்சம் மானம். அதை மைக் வெச்சு விக்கிறீங்க. இன்னொண்ணும் சொல்லிடறேன். முதல் கம்பியை வெட்டினது நான்தான், அந்த பஸ் டிரைவர் வீட்ல. அதுக்கு என்ன நடவடிக்கையோ எடுத்துக்கோங்க.”

முதலாளி ஒரு கம்பியை விரல்களுக்கு நடுவில் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு ஃபோனை எடுத்து, மருத்துவமனையின் தலைமை நர்ஸை இணைப்பில் வாங்கி, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார். கம்பியை யார் வெட்டினார்கள் என்று கேட்டார்.

“நாங்கதான்,” என்றாள் அந்த நர்ஸ், ஒரு தயக்கமும் இல்லாமல். “ஒரே வார்டுல வரிசையா படுத்திருக்காங்க சார். ஒருத்தர் போனா எல்லாருக்கும் அறிவிப்பு. பாதிப் பேர் போறதையே நிறுத்திட்டாங்க. டாக்டர் வந்து மலச்சிக்கலுக்கு மருந்து எழுதுறார். வெட்டினதுக்கு அப்புறம்தான் வார்டு வார்டா இருக்கு.”

“பின்ன வேலை செய்யலைன்னு புகார் எதுக்குங்க அனுப்பறீங்க?”

“அது ஸ்டோர்ல இருக்கிறவங்க அனுப்பறது. அவங்க எங்க வார்டுக்கு வந்தாங்க?”

முதலாளி ஃபோனை வைத்தார். விற்பனை மேலாளரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். “நீ முதல்ல எழுதின வரி என்னம்மா?” என்று கேட்டார்.

அவள் பார்க்காமலே சொன்னாள். இரண்டாவது வரியையும் சொன்னாள்.

“இதைச் செய்யலாம்,” என்றார்.

“செய்யறேன் சார். ஆனா இனிமே அட்டவணையில ஒத்தைச் சொல் போடக் கூடாது. அவங்க சொன்ன வாக்கியம் சொன்னபடியே இருக்கணும், எவ்வளவு நீளமா இருந்தாலும். மார்க் போடுறதா இருந்தா அதுல உக்கார்றவர் போடணும்.”

முதலாளி பெருமூச்சு விட்டுத் தலையை அசைத்தார். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ‘சந்தை மாறிக்கொண்டே இருக்கிறது’ என்று விற்பனை மேலாளர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது. பின்னால் புது மாடல் வெளிவந்தபோது, ‘எங்கள் நிபுணர் குழுவின் மௌனத் தொழில்நுட்பம்’ என்று விளம்பரத் தாளில் அச்சடித்திருந்தார். அவள் அதைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டாள். ரப்பர் கட்டைக்கு இவ்வளவு பெரிய பெயரா என்று வேலை செய்கிற இடத்தில் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

டிரைவர் வீட்டுக்குப் புது நாற்காலியை அவளே கொண்டுபோனாள். அவர் வரவேற்கவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. பிரேக்கைப் போட்டு எடுத்தார், கால் பலகையை ஏற்றி இறக்கினார், பாத்திரத்தை இழுத்து உள்ளே தள்ளினார். மணிக்கட்டுப் பொத்தானை ஒரு தடவை அழுத்தி, மருமகளின் மெஷின் மேல் விளக்கு எரிவதை எட்டிப் பார்த்தார்.

ஒரு வாரம் கழித்து அவராகவே ஃபோன் செய்தார்.

“ஏம்மா, இந்தக் கைப்பிடியை யார் வரைஞ்சது?”

“நான்தான் ஐயா. ஏன், என்ன ஆச்சு?”

“காலங்காத்தால கையை வெச்சா ஐஸ் கட்டி மாதிரி ஜில்லுனு இருக்கு. மனுசன் தூக்கம் கலைஞ்சு பயந்துபோறான். இரும்பை அப்படியே விட்டா எப்படி? மேல ஏதாச்சும் சுத்தணும்னு தோண வேணாமா? அப்புறம் அந்த நீல கலரு, அதைப் பத்தி நான் தனியாப் பேசணும்…”

அவர் கோபமாகத்தான் பேசினார். நிறுத்தாமல் பேசினார். அவள் ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, பேனாவைத் திறந்து, அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டிருந்தாள்.